பன்னிரண்டு வோல்ட்தானே

லிஃப்ட்காரர் வீட்டில் அவர் கை படாத பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது, காரைத் தவிர. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பதினாலு மாடிக்கு ஆள் ஏற்றும் இயந்திரத்தையே பிரித்து மாட்டுகிறவனுக்கு மிக்ஸி எம்மாத்திரம் என்ற எண்ணம். அதனால்தான் அந்த வீட்டு ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடாது. வாஷிங் மெஷின் மூடியை ஒரு ஆள் அமுக்கிப் பிடித்தால்தான் சுற்றும். வாசலில் மணி அடித்தால் பாத்ரூம் விளக்கு அணைந்து எரியும். “எல்லாம் வேலை செய்யுதா இல்லையா?” என்பார். செய்யத்தான் செய்தன. வீட்டு மனிதர்கள் அனுசரித்துக்கொண்டார்கள்.

கார் அவருடைய மனைவியுடையது. அந்த அம்மாள் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு உடைந்தவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள் வீட்டுக்கே போய்க் கைகால் பயிற்சி கொடுப்பவர். தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருபது நிமிடம் கிடைத்தால் நிழல் பார்த்து நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ரேடியோவில் செய்தி கேட்பார். கம்பெனியிலேயே மாட்டி வந்த செட். குமிழை வலப்பக்கம் திருகினால் பேசும், இடப்பக்கம் திருகினால் வாயை மூடிக்கொள்ளும். “என் வீட்டுக்காரர்கிட்டகூட இந்த வசதி இல்ல” என்று நோயாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

ஊரெல்லாம் காருக்குள் தொடுதிரை வைத்துக்கொண்டு திரியும்போது தன் மனைவி இன்னும் குமிழைத் திருகிக்கொண்டிருப்பது லிஃப்ட்காரருக்குக் கண்ணை உறுத்தியது. அது ஒரு சாக்கு. உண்மை வேறு. அத்தனை வருடத்தில் அவர் செய்த எந்த வேலையையும் அந்த அம்மாள் ஒரு நாள், ஒரு வார்த்தை மெச்சியதில்லை. அந்த வார்த்தைக்கு மனிதர் ஏங்கிக் கிடந்தார். வெளியே சொல்ல வெட்கம். ஆகவே மனைவி இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிய சனிக்கிழமை, புதுத் தொடுதிரை செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் புகுந்தார்.

பழைய செட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஸ்டீல் ஸ்கேலால் நெம்பியதுமே இரண்டு கிளிப் உடைந்தது. போகட்டும், வெளியே தெரியாது. செட்டை உருவினால், பின்னால் ஒயர்கள் சேரும் கப்ளர் ஒரு வடிவம், புதுசின் கப்ளர் வேறு வடிவம். வாங்கிய கடைக்குப் போன் போட்டார்.

“அதுக்குன்னு நடுவுல போடுற கப்ளர் தனியா இருக்கு சார்,” என்றார் கடை ஃபிட்டர். “புதன்கிழமை வந்துரும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு எதையும் வெட்டிராதீங்க.”

“கலர் பார்த்து நாலு ஒயரை முறுக்குறதுக்குப் புதன்கிழமை எதுக்குங்க? பன்னிரண்டு வோல்ட்தானே!” என்று போனை வைத்தார் லிஃப்ட்காரர். வாழ்நாளெல்லாம் நானூற்றுச் சொச்சம் வோல்ட்டோடு மல்லுக்கட்டியவருக்குப் பன்னிரண்டு என்றால் இளக்காரம். மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்திருக்கலாம். அவருடைய மீட்டர் வேலையிடத்துப் பெட்டியில் கிடந்தது. பொம்மைக்கு வைக்கும் கரன்ட்டுக்கு மீட்டரா என்று கட்டரை எடுத்துக் காரின் கப்ளரை நறுக்கென்று வெட்டிவிட்டார். வெட்டிய பிறகுதான் உள்ளே பார்த்தார். பாதி ஒயர் சாம்பல் நிறம். ஒவ்வொன்றிலும் மயிரிழைக்கு ஒரு கோடு.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. முட்டியை மடக்கி, கழுத்தை ஒடித்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மறுநாள் மத்தியானம்வரை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் செட் பாடியது. எதிலும் சேராமல் மிஞ்சிய மூன்று ஒயரை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார்.

மாலையில் மனைவி வந்து கார்க் கதவைத் திறந்தார். “என்னங்க இது?”

“தொட்டுப் பாரேன்.”

“என் ரேடியோ எங்க?”

“இதுக்குள்ளதான் இருக்கு. மூணு தடவை தொட்டா வரும்.”

அந்த அம்மாள் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார். பழக்கமில்லாத பண்டம், ஓட்டிப் பார்த்தால் அருமை தெரியும் என்று லிஃப்ட்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தெரிந்தது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தால் போதும், செட் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மறுபடி உயிர் வந்ததும் எந்த மொழி வேண்டும், என்ன தேதி, எந்த ஊர் நேரம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. எப்போதும் பேட்டரியோடு இருக்கவேண்டிய ஒயரும் சாவியோடு வரவேண்டிய ஒயரும் இடம் மாறிவிட்டிருந்தன. இருபது நிமிட ஓய்வில் ஏழு நிமிடம் இதற்கே போயிற்று.

“பத்து நாளா எந்த மொழி, எந்த மொழின்னு உயிரை வாங்குதுங்க. கல்யாணமான புதுசுலகூட நீங்க எங்கிட்ட இத்தனை கேள்வி கேட்டதில்ல.”

தினமும் வேலை விட்டு வந்ததும் காருக்குள் தலையை விட்டார் லிஃப்ட்காரர். ஒரு நாள் இடது ஸ்பீக்கர் செத்தது. அதைப் பிழைக்கவைத்தால் வலது செத்தது. தொட்டது எல்லாம் விளங்காமல் போக, எரிச்சலில் ஸ்க்ரூ டிரைவரைத் தெருவில் வீசினார். பிறகு தானே போய்ப் பொறுக்கி வந்தார்.

பதினோராம் நாள் அந்த அம்மாள் நனைந்த துணியோடு வீட்டுக்குள் வந்தார். வெளியே மழை இல்லை. புது செட் வந்தபின் முதல் தடவையாக, நோயாளி வீட்டுக் குறுகிய சந்தில் வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார். சுவர் நெருங்கினால் ‘பீப் பீப்’ என்று கத்தும் சத்தத்தை நம்பித்தான் எப்போதும் எடுப்பார். அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்ததே பழைய செட் வழியாகத்தான். அது டேப் சுற்றிய மூன்று ஒயரில் ஒன்றோடு போய்விட்டது. கார் நேரே போய் அந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயை முறித்து நின்றது. பீச்சி அடித்த தண்ணீரை ஆள் வரும்வரை கையால் பொத்திக்கொண்டு நின்றாராம்.

“நான் கேட்டனா?” லிஃப்ட்காரர் நீட்டிய துண்டை வாங்கிக்கொள்ளாமலே கேட்டார். “எனக்கு இது வேணும்னு என்னைக்காவது கேட்டனா? இந்த வீட்டுல ஃபேன் உங்களது, லைட் உங்களது, பெல் உங்களது. அந்த ஒரு வண்டிதாங்க நான் நினைச்ச மாதிரி இருந்துச்சு. அதையும் விட்டுவைக்கல நீங்க.”

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அழுகைகூட வந்தது. நீட்டிய துண்டால் தன் முகத்தையே துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இருவருமாகக் கடைக்குப் போனார்கள். ஃபிட்டர், லிஃப்ட்காரரின் வயதுக்காரர், செட்டை உருவி அந்த டேப் உருண்டைகளைப் பார்த்தார்.

“எந்தப் புண்ணியவான்ங்க இதை வெட்டினது?”

ஒவ்வொரு லிஃப்ட் மோட்டாரைத் திறக்கும்போதும், தனக்கு முன்னால் தொட்டவனை லிஃப்ட்காரர் இதே கேள்வியால்தான் வறுத்தெடுப்பார். ‘யாரோ ஒரு அரைகுறை’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. மனைவி பக்கத்தில் நின்றார்.

“நான்தான்,” என்றார்.

ஃபிட்டர் டேப்பைப் பிரிக்கத் தொடங்கினார். “கம்பெனி கப்ளர் புதுசா வச்சுத் தரேன். பழைய செட்டைக் கொண்டு வந்திருக்கீங்க, அதையும் மாட்டலாம். இல்ல, நடுக் கப்ளர் போட்டு இந்தப் புதுசையே மாட்டலாம். பீப் வரும், எதையும் மறக்காது. எது வேணும் சார்?”

புதுசுதான் என்று சொல்ல வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். “வண்டி அவங்களோடது. அவங்களையே கேளுங்க.” இவ்வளவு விட்டுக்கொடுத்த பிறகு அவள் தனக்காகப் புதுசையே சொல்லுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை.

“பழசு,” என்றார் அந்த அம்மாள், யோசிக்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் லிஃப்ட்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் ஒவ்வொரு ஒயரிலும் மீட்டர் வைத்தார், எழுதினார், பற்றவைத்தார், அதற்குமேல் உறை மாட்டினார். மாட்டி முடித்ததும் அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

“அடடா, என்ன சுத்தமான வேலை அண்ணே! பிரிச்ச அடையாளமே தெரியலையே.”

வீடு திரும்பும்போது புது செட்டைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார் லிஃப்ட்காரர். மனைவி செய்தி கேட்டுக்கொண்டே ஓட்டினார். இவர் வழிநெடுக அந்த வேலையில் ஒரு குறை, ஒரே ஒரு குறை தேடிக்கொண்டு வந்தார். அகப்படவில்லை.