தலை நரைத்த அம்மா

போன வருஷம் ஆடி மாதம் நைனாவை அழைத்துக்கொண்டு செஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பெரிய நாளிதழின் அலுவலகத்தில் அம்மாவின் முகத்தைத் தேடத்தான் போனோம்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே கல்யாண போட்டோவும் மழையில் கூரை ஒழுகி வீணாகிவிட்டது. ஆனால் நான் வயிற்றில் இருந்த வருஷம், குடிதண்ணீர் கேட்டு எங்கள் ஊர் வல்லத்துப் பெண்கள் காலிக்குடங்களோடு ரோட்டை மறித்திருக்கிறார்கள். "ஒங்கம்மா முன்னாடி நின்னா. பேப்பர்ல போட்டாங்க" என்று நைனா சொல்லிக்கொண்டே இருப்பார்.

பழைய பேப்பர்களைப் பொடிசாகப் படம்பிடித்து ஃபிலிம் சுருளாக வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த பெண் சுருளை மெஷினில் மாட்டினார். திரையில் பக்கங்கள் ஓடின. எல்லாம் நெகட்டிவ். தாள் கறுப்பு, எழுத்து வெள்ளை. தேர்தல், சினிமா விளம்பரம், கிரிக்கெட் என்று அந்த வருஷமே கண்முன் போனது. அம்மா மட்டும் வரவில்லை. சாயந்திரம் ஆபீஸ் மூடும் நேரம் வந்துவிட்டது. நான் எழுந்தேன்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. இன்னொரு சுருளையும் பாத்துடலாம், உக்காருங்க" என்றார் அந்தப் பெண்.

அதில்தான் இருந்தது. வரிசையாகப் பெண்கள், இடுப்பில் குடம். எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. நைனாதான் திரையைத் தொட்டார். வாய் திறந்து கத்திக்கொண்டிருந்தாள் அம்மா. நெகட்டிவ் என்பதால் அவள் தலைமுடி பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது.

"தல நரச்சிட்டுது பாரும்மா" என்றார் நைனா, மெதுவாக.

"ஒரு பட்டனை அழுத்தினா கறுப்பாயிடும் ஐயா, மாத்திடறேன்."

"வாணாம்மா. கொஞ்ச நேரம் இப்டியே இருக்கட்டும்."

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டார். கிளம்புவதற்காகத் தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றி மேஜையில் வைத்தார். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அந்தப் பெண் ரெண்டு விதமாகவும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். கறுப்பு முடியோடு இருக்கும் அம்மா என்னிடம் இருக்கிறாள். நரைத்தவளை நைனா தன் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

அம்மா இல்லாத குறை எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். நைனா தனியாகவே கிழவரானார் என்பது அந்தத் திரைக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது.