கொச்சிக்குக் கட்டிய பை

எங்கள் வள்ளத்தின் இஞ்சினை நான் கழற்றினேன். கழற்றியதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை, இனிமேல் படுவதாகவும் இல்லை. எங்கள் கரையில் ஒரு பெண் வலை முடையலாம், மீனைக் கூறு போடலாம், தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கலாம். வள்ளத்திலும் இஞ்சினிலும் மட்டும் அவள் கை படக்கூடாது. பட்டால் தொழில் படுத்துவிடுமாம். நான் தொடாமல் இருந்தபோதே எங்கள் தொழில் படுத்துத்தான் கிடந்தது.

இஞ்சினின் அடியில், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பரில் ஒரு வளையம் இருக்கும். ஆயில் சீல் என்பார்கள். உள்ளே கிடக்கும் கியர் ஆயில் வெளியே போகாமலும், கடல் தண்ணீர் உள்ளே வராமலும் காப்பது அதுதான். எங்களுடையது ஒழுகியது. ஆயிலைத் திறந்துவிட்டால் தண்ணீர் கலந்து பால்சாயா நிறத்தில் வந்தது. மெக்கானிக் கோட்டாற்றிலிருந்து புது சீல் வாங்கி வந்து மாட்டினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இன்னொன்று மாட்டினார், அதுவும் ஒழுகியது. மூன்றாவதும் ஒழுகியபோது அவர் கையை விரித்துவிட்டார்.

“தண்டு போச்சு. புதுசு மாத்தணும். இல்லேன்னா சவத்த எடைக்குப் போடுங்க.”

புதுத் தண்டு வாங்க எங்களுக்கு வழியில்லை. இரண்டு நாள் கழித்து, சோறு தின்னும்போது என் கணவர் சொன்னார்: “கொச்சிக்குப் போறேன். விசைப்படகுக்கு ஆளு கேக்காவ.”

கொச்சிப் படகு என்றால் தங்கல் தொழில். கரையைக் காணாமல் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்க வேண்டும். என் தம்பி அப்படிப் போனவன்தான். புயல் அடித்து ஓய்ந்தபின் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், அவன் வரவில்லை. உடல் இல்லாமலே பூசை வைத்தோம். ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே கல்லறைக்குப் போகும்போது, நான் மட்டும் மெழுகுவத்தியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நிற்பேன். கடலுக்கு ஒரு ஆளைக் கொடுத்தாயிற்று. இன்னொரு ஆளைக் கொடுக்க என்னால் முடியாது.

“போவப்பிடாது” என்றேன்.

“பட்டினி கிடக்கச் சொல்லுதியா?”

அவர் எழுந்து போய்ப் பையைக் கட்டினார். இடுப்பில் கட்ட இரண்டு சாரம், இரண்டு சட்டை, ஒரு போர்வை, செபமாலை. அவரிடம் இருந்த நல்ல துணியே அவ்வளவுதான். பையை வாசல் ஓரம் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் நான் ஸ்பேனரை எடுத்தேன். இஞ்சின் முற்றத்தில் மரச்சட்டத்தில் மாட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீ ஒனக்க தையல் மிஷினப் பாரு.”

அதைத்தான் பத்தொன்பது வயதிலிருந்து பார்த்துக்கொண்டு இருக்கிறேன். பிரிப்பதும் எண்ணெய் போடுவதும் திரும்பப் பூட்டுவதும் நான்தான். புரொப்பல்லர் நட்டைத் திருகினேன். உடைத்துவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, அவரும் வந்து குந்தினார். புரொப்பல்லர் வந்தது, மூடி வந்தது, சீல் வந்தது. தண்டைத் துடைத்துவிட்டு அதன்மேல் நகத்தை ஓட்டினேன். ஒரு இடத்தில் நகம் தட்டி நின்றது. சீலின் உதடு உட்காரும் இடத்திலேயே தண்டைச் சுற்றி மெல்லிய பள்ளம். கண்ணுக்கு அது ஏதோ கீறல் மாதிரிதான் இருந்தது.

“வலை எப்பவாச்சும் சுத்திச்சா?” என்று கேட்டேன்.

“ரெண்டு மாசம் முன்ன சுத்திச்சு. வெட்டி விட்டேன்.”

“முழுசும் எடுத்தியளா?”

அவர் இல்லை என்று தலையசைத்தார். எங்கள் கரையில் எல்லோரும் செய்வதுதான். தங்கூசி, அதாவது வலை முடையும் நைலான் நரம்பு, நடுக்கடலில் புரொப்பல்லரில் சுற்றினால் கத்தியால் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கரைக்கு வந்தால் மீன்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த மிச்சம் உள்ளே இருந்து சுற்றிச் சுற்றி இரும்பையே அறுத்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின்மேல் எத்தனை சீல் மாட்டினால் என்ன?

தையல் போட்ட வரியிலேயே துணி கிழிந்தால் அதே வரியில் மறுபடி தைக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளித் தைப்பேன். எனக்குத் தெரிந்த வித்தை அதுதான். அதைச் சொன்னேன்.

“சீல அடிவரைக்கும் இறக்காண்டாம். அரை நூலு வெளிய நிக்கட்டு. உதடு நல்ல இரும்புல உக்காரும்.” அரை நூல் என்றால் ஒரு அரிசியின் தடிமன்.

அவர் என்னைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார். பிறகு மெக்கானிக் மாட்டாமல் விட்டுப்போயிருந்த புது ஆயில் சீலை என் கையில் தந்தார்.

ஒரு குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் தட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“ஏலே, பொம்பளய விட்டா இஞ்சினக் கழத்துத?”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. “அத்தான், மூணு வாட்டி ஒழுகினப்ப நான் தொடல்ல. அப்ப தொழில் ஏன் படுத்துச்சு?”

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். நான் மறுபடி சீலைத் தட்ட ஆரம்பித்தேன்.

ஆயில் ஊற்றும்போது என் கணவர் துடைக்கத் துணி கேட்டார். வாசல் ஓரம் இருந்த பையை அவிழ்த்து ஒரு சாரத்தை எடுத்து நடுவில் கிழித்தேன்.

“ஏட்டி, அது கொச்சிக்கு உடுக்க...”

“தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுத்ததையும் கிழித்தேன்.

மறுநாள் இருட்டோடு கணவாய் மீன் பிடிக்கப் போனார். திரும்பி வரும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை. வாயால் பேசிவிட்டேன், அந்த அரை நூல் பேச வேண்டுமே! வெயில் ஏறியபின் வள்ளம் வந்தது. அவருடைய அண்ணனோடு நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். நான் தள்ளி, பெண்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். இஞ்சினைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“ஏட்டி, நீயே வந்து தொறந்து பாரு.”

போனேன். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் முட்டி போட்டு ஆயில் திறக்கும் ஸ்குரூவைத் திருகினேன். ஆயில் என் விரலில் வழிந்தது. ஊற்றியபோது இருந்த அதே நிறம், பால்சாயா இல்லை. விரலைத் தூக்கி அவருடைய அண்ணனுக்குக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் கொச்சியிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“அவிய வரமாட்டாவ.”

“ஏன், என்ன ஆச்சு?”

“உடுக்கச் சாரம் இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன்.