நான் வாசிக்காத சுரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் பஜனை. நான் வாசிக்காத ஒரு சுரம் என் கைக்கு அடியிலிருந்து வந்தது.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். வயது ஐம்பத்து நாலு. வீடு திண்டிவனத்தில், ஆபீஸ் விழுப்புரத்தில், தினமும் பாசஞ்சர் ரயில். ஆர்மோனியம் ஆசைக்குக் கற்றுக்கொண்டது. ஞாயிறு மாலைகளில் நண்பர் ரத்தினம் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடிப் பாடுவோம். அவர் டோலக், நான் ஆர்மோனியம். பெட்டி என்னுடையதல்ல. போன வருஷம் இறந்துபோன ரத்தினத்தின் அண்ணனுடையது. அண்ணி கனகம்மாள்தான், “நீங்க வாசிங்க” என்று எடுத்துக் கொடுத்தார்.

அன்று கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டோடு ஒட்டாமல், மெலிசாக, விடாமல் ஒரே சுரம்... காதுக் கோளாறு என்று நினைத்தேன். டோலக் நின்றது.

“சார், கூட யாரு வாசிக்கிறது?” என்றார் ரத்தினம்.

திடுக்கிட்டுக் கையை எடுத்தேன். சுரமும் நின்றது. எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள்.

கதவோரம் நின்ற கனகம்மாள் மட்டும் நிதானமாகச் சொன்னார்: “அவருதான். பாட்டு முடியற வரைக்கும் ஒரே கட்டையை அமுக்கிக்கினே இருப்பாரு.”

அடுத்த ஞாயிறும் அந்தச் சுரம் வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் காபி இருந்தது. எனக்கு வைத்ததல்ல.

செவ்வாய்க்கிழமை என் மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “இன்னாங்க இது? சுண்டு வெரலு கொப்புளம் போட்டுக்கினு இருக்குது. சுட்டது தெரியலியா?”

தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தேன் — வேறு யாருடைய விரலையோ கிள்ளுவது போலிருந்தது. பஜனையில் என்னோடு கூட வாசித்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது. வலிக்கிற இடத்தைப் பற்றி ஊரெல்லாம் புலம்புகிறோம். வலிக்காத இடம் நமக்குத் தெரியாமல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யார் பார்க்கிறோம்?

விரல் மரத்துப்போனால் முதலில் எந்த வியாதி ஞாபகத்துக்கு வரும்? அதன் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, திண்டிவனத்திலேயே ஒரு டாக்டரிடம் போனேன்.

“கண்ணை மூடிக்குங்க. குத்தினா சொல்லுங்க” என்றார்.

காத்திருந்தேன். “இன்னும் குத்தலீங்களா?”

“ஆறு வாட்டி குத்தியாச்சு.”

பிறகு உணர்ச்சியற்ற தேமல் எங்காவது இருக்கிறதா என்று தோலெல்லாம் பார்த்தார். முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். விரல் வரை மின்சாரம் பாய்ந்தது.

“நீங்க பயந்துக்கினு வந்த வியாதி இல்ல. ரயில்ல முழங்கையை எங்க வெச்சிக்கினு போவீங்க?”

“ஜன்னல் விளிம்புல.”

“அதான் நரம்பு நசுங்கிப்போச்சு. உணர்ச்சி திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போவும்.”

ஜன்னலோரத்தை விட்டேன். சுண்டு விரலைப் பக்கத்து விரலோடு ரிப்பனால் கட்டிக்கொண்டு, வீட்டு மேஜைமேல் பழகினேன். விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

போன ஞாயிறு அப்படியே வாசித்தேன். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. எதிரே கனகம்மாள் கடைசிப் பாட்டு வரை காத்திருந்தார். காபி ஆறிப்போய் ஆடை படிந்தது.

எல்லோரும் கிளம்பியதும் அவரிடம் போனேன். அந்த வியாதியோ என்று அவர்கள் நினைத்தால் இனி அந்த வீட்டில் எனக்கு இடமிருக்குமா? தெரியாது. அதற்காக ஒரு பெண்ணை வாராவாரம் காபி வைத்துக் காத்திருக்க விடலாமா?

“அம்மா, அது அவரில்லீங்க. என் வெரலு. மரத்துப்போய், எனக்கே தெரியாம கட்டைமேல கிடந்திருக்குது.” டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. ரிப்பனை அவிழ்த்து என் சுண்டு விரலைத் தொட்டார். தொட்டதை நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

“இதே வெரலுதாங்க,” என்றார். “அவருக்கும் மொதல்ல இதுதான் மரத்துப்போச்சு. ஆனா அவரு ரயிலே ஏறினதில்லீங்க.”

டாக்டர் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். முழு மனதோடு நம்புகிறேன்.

இருந்தாலும், வாசகர்கள் யாரிடமாவது பழைய ஆர்மோனியம் இருந்தால் ஒரு கார்டு போடுங்கள் — அதை வாசித்தவர் சௌக்கியமாக இருக்க வேண்டும்.