மருமகள் திரும்ப எழுதிய விளையாட்டு

சோறு வடிக்கிற நேரத்திலும் என் மருமகள் கம்ப்யூட்டரை மூட மாட்டாள். விழுப்புரத்து வீட்டில் சமையல் மேடை ஓரமாக அதை வைத்துக்கொண்டு, ஒரு கையால் குழம்பைக் கிளறி மறு கையால் தட்டிக்கொண்டு நிற்பாள். அவளை நினைத்தால் அவள் அப்படி நிற்பதுதான் எனக்கு முதலில் வருகிறது.

அவள் எழுதியது ஒரு வீடியோ கேம். குதிரைக்காரன் ஒருவன் கோட்டைக்குள் போய் விளக்கேற்ற வேண்டும். சின்ன வயதில் அவள் ஆடியது. செய்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். இப்போதுள்ள மெஷினில் அது ஓடாதாம். உள்ளே ஓடுகிற புரோகிராம் முழுவதையும் தானே புதிதாக எழுதினாள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தன் பேரை மட்டும் நீக்கக் கூடாது என்று நெட்டில் போட்டாள். மூன்று வருஷ உழைப்பு. படமும் பாட்டும் மட்டும் பழைய கேமில் இருந்தவை.

எனக்கு இது புதுசில்லை. தொண்ணூற்று மூன்றில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கேம் கடை நடத்தியவள் நான். படிப்பு மூன்றாவதுதான், ஆனால் என் கடையில் சண்டை வந்தால் தீர்ப்பு என்னுடையது. ஒரு லைஃப் போனால் ஜாய்ஸ்டிக்கைக் கைமாற்ற வேண்டும், பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் சரி. கேசட்டெல்லாம் காப்பி. செய்தவன் பேர் வருகிற இடத்தைக் காப்பி அடித்தவன் அழித்திருப்பான். யார் செய்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் மருமகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அத்தே, எவனோ என் கேமை எடுத்து, என் பேரைத் தூக்கிட்டு, அவன் பேரைப் போட்டு வித்துக்கினு இருக்கான்."

"நீதானடி எல்லாரும் எடுத்துக்கோன்னு போட்ட?"

"எடுக்கட்டும், விக்கக்கூட விக்கட்டும். பேரை ஏன் எடுக்கணும்?"

"அந்தக் குதிரையை வரைஞ்சவன் பேரு உன் கேம்ல எங்க கீது?"

"கம்பெனியே இல்லியே அத்தே."

"கம்பெனி இல்ல. வரைஞ்ச மனுசனும் இல்லியா?"

இரண்டு நாள் அந்தப் பழைய படங்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருவரும் கேட்காமலே படத்தையும் பாட்டையும் கேமிலிருந்து அவளே நீக்கிவிட்டாள். பழைய கேமைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவர்கள் அதிலுள்ள படத்தையும் பாட்டையும் தாங்களே இதில் போட்டு ஆடட்டும் என்றாள். வரைந்தவரை எங்கெங்கோ தேடி, கிடைத்த முகவரிக்கு அனுமதி கேட்டு எழுதினாள்.

"யாருமே கேக்கல. நீயா ஏன் புடுங்கிப் போடற? பைத்தியமா?" என்று என் மகன் கத்தினான்.

"கேக்கணும்னா வரைஞ்சவருக்கு மொதல்ல தெரியணுமில்லங்க" என்றாள்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் திட்டினார்கள். பாதிப் பேர் விட்டுப் போனார்கள். பேரை எடுத்தவன்மேல் புகார் எழுதினாள், அவன் விற்ற தளத்திலிருந்து அவனை நீக்கினார்கள். அடுத்த மாதமே இன்னொருவன் அதையே செய்தான். அவன்மேலும் புகார் எழுதினாள். எனக்கே அலுத்துப்போனது.

மகனுக்கு வடக்கே மாற்றலாகி அவர்கள் போன பிறகு இந்த வீட்டில் நான் மட்டும். போனில் நான் முதலில் கேட்பது, "வரைஞ்சவருகிட்டருந்து பதில் வந்துதா?"

"இல்ல அத்தே."

போன வாரம் வீடியோவில் கேமைக் காட்டினாள். கோட்டை இல்லை, பாட்டு இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு கறுப்புப் பெட்டி ஓடியது.

"குதிரை எதுன்னு தெரியுதா அத்தே?"

"தெரியாம என்ன? ஓடறதுதான்."

அவள் சிரிக்கவில்லை. வரைந்தவர் சரி என்று சொல்கிறவரை அது பெட்டியாகவே ஓடட்டும் என்றாள்.