பட்டியலில் இல்லாத ஆள்

அந்த அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தரையில், உமி அடைத்த இரண்டு சாக்கு மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிற்பகல் வெயில் பலகை இடுக்குகளின் வழியே அவர் மடியில் கோடு கோடாக விழுந்திருந்தது. மூட்டை சரியும்போதெல்லாம் கையை ஊன்றித் தம்மை மேலே தள்ளிக்கொள்வார். தள்ளியதும் கண்ணை மூடிச் சற்று மூச்சு வாங்குவார். மறுபடி மூட்டை சரியும். மூலையில், பின்னங்கால் முறிந்த ஒரு சாய்வு நாற்காலியைச் சுவரோடு சார்த்தி வைத்திருந்தார்கள். அதை முறித்தது எங்கள் கம்பெனி மாட்டுவண்டி. முறிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த ஏழு வாரமும் அதைப் பற்றிப் பணிவான கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

புது நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தெம்பனிஸ் பக்கம் காட்டை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவது கம்பெனியின் தொழில். வழியில் உடைந்துபோனவற்றைப் பற்றி வரும் புகார்களைக் கவனிப்பது என் வேலை. விதி என்னவோ எளிமையானதுதான். கம்பெனி ஒப்புக்கொண்ட, தகுதியுள்ள தச்சர் ஒருவர் நேரில் போய்ப் பழுதுபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்படிப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று என் மேசைக்கு எதிரே ஆணியில் தொங்கும். மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரும் பட்டணத்துக்குள் கடை வைத்திருந்தவர்கள்.

பட்டணத்தில் ஓர் அலமாரிக் கதவு பெயர்ந்தால் ஒரு வாரத்தில் காரியம் முடிந்துவிடும். சிராங்கூன் சாலையில் ஆறாம் மைலைத் தாண்டி ஒரு முக்காலி உடைந்தால்கூட அதற்கு ஆள் கிடையாது. சீனத் தச்சுக்கடை முதலாளி நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சிரிப்பார். அந்தப் பக்கம் காய்ச்சல், போனவன் படுத்துக்கொள்வான் என்று மலாயில் சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொள்வார். தேக்காவில் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஆசாரியோ, “தெம்பனிஸா? போய்ட்டு வர ரெண்டு நாள் ஆயிடுமே கிராணியாரே. நாக்காலிய இங்க அனுப்பச் சொல்லுங்க, பாத்துத் தர்றேன்” என்பார். உடைந்ததை அதே வண்டிச் சாலையில் திருப்பி அனுப்பினால் மிச்சமும் உடையும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே நான் எழுதுவேன்: ‘தகுதியுள்ள ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அன்புகூர்ந்து பொறுத்தருளவும்.’ பட்டணத்துக்கு வெளியே இருந்து வந்த எல்லோருக்கும் இதே வாசகம்தான். நாளடைவில் அதை எழுதும்போது பேனா மட்டுமே விழித்திருந்தது.

எட்டாம் வாரம் பிறந்ததும் அந்த நாற்காலிப் புகார்க்காரர் நேரிலேயே வந்துவிட்டார். தெம்பனிஸ் ரப்பர் தோட்டம் ஒன்றின் மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அவர். ஒல்லியான மனிதர், வெளுத்த கோட்டு, கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நான் எழுந்து நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நட்டஈடு கேட்டு வரலிங்க. ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். என் சம்சாரத்துக்கு இருதயம் சரியில்ல. மட்டமாப் படுத்தா மூச்சு முட்டிப்போகும். அந்த நாக்காலியில சாஞ்சுதான் மூணு வருஷமாத் தூங்குறா.”

“இப்போ எப்படித் தூங்குறாங்க?”

“நான் முதுகு குடுத்து உக்காந்துக்கிறேன். என் முதுகுல அவ சாஞ்சுக்குவா. நான் அசந்து சரிஞ்சா அவளும் சரிஞ்சுடுவாளே, அதனால தூங்குறதில்ல.”

கம்பெனி அச்சடித்த பாரத்தில் அவர் எழுதி அனுப்பியிருந்த மூன்று கடிதங்களையும் எடுத்துப் புரட்டினேன். பொருள்: நாற்காலி. பழுது: பின்னங்கால், வளைவில் முறிவு. வேறொன்றும் இல்லை. “இத ஏன் நீங்க எழுதவே இல்ல?” என்று கேட்டேன்.

“உங்க பாரத்துல அதுக்கு எடமில்லிங்களே” என்றார். குறையாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டுகளை ஒழுங்காக எழுதிப் பழகியவர். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானே கிளம்பினேன். நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தச் சிவந்த கண்களோடு அவர் மறுபடியும் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பதை என்னால் தாங்க முடிந்திராது. சிராங்கூன் சாலை முடிகிற இடம்வரை ஒரு காய்கறி வண்டியில் போனேன். வழியில் கண்ட கடையிலெல்லாம் தச்சர் உண்டா என்று விசாரித்தேன். சாலைக் கோடியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்தவர், “நாக்காலி தெரிஞ்ச ஆள் வேணுமா, மரம் தெரிஞ்ச ஆள் வேணுமா?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். மரம் தெரிந்தவர் போதும் என்றேன். சற்றுத் தள்ளி ஓடிய ஆற்றின் முகத்தைக் காட்டினார்.

அங்கே ஒரு மரைக்காயர் இருந்தார். நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்து, ஆற்றில் சரக்கேற்றும் தொங்கான் படகுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, நான் சொன்னதைக் கேட்டார்.

“நாக்காலி நான் தொட்டதே இல்ல. காலு நேரா முறிஞ்சிருக்கா, வளைவுல முறிஞ்சிருக்கா?”

“வளைவுல.”

“அப்ப அதுவும் படகுதான். வாங்க, இப்பவே போயிருவோம்.”

அப்படித்தான் அன்று பிற்பகல் நாங்கள் அந்தப் பலகை வீட்டுக்குள் போய் நின்றோம். மரைக்காயர் முறிந்த முனைகளைச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, பிசினைக் காய்ச்சித் தடவினார். படகுக்கு அடிக்கும் செப்பாணிகளை அடித்தார். அதற்கு மேலே கயிற்றை நனைத்து இறுக்கிச் சுற்றினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டிரஸ்ஸர் விளக்கு பிடிப்பவர்போல் அருகிலேயே குந்தியிருந்தார். முடிந்தபோது நாற்காலியின் பின்னங்கால் கட்டுப்போட்ட கை மாதிரி தடித்துப்போயிருந்தது. “பாக்க அழகா இருக்காது தங்கச்சி. ஆனா தண்ணியில விட்டாலும் பிரியாது” என்றார் மரைக்காயர்.

டிரஸ்ஸர் அந்த அம்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் மெல்லப் பின்னால் சாய்ந்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். நாற்காலி முனகவில்லை. ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்து, “போய்ப் படுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். டிரஸ்ஸர் எங்களுக்குக் காப்பி போட வேண்டும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே அந்தச் சாக்கு மூட்டைகளின் பக்கத்தில் கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தவர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. குறட்டை கேட்டது. அந்த அம்மா உதட்டில் விரல் வைத்து எங்களைப் பார்த்தார். “அவர எழுப்பாதீங்க. ரெண்டு மாசம் ஆச்சு அவர் முதுகு தரையில பட்டு.” நானும் மரைக்காயரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

மறுநாள் அறிக்கை எழுதினேன். பழுதுபார்த்தவர்: படகு வேலை செய்யும் மரைக்காயர். பெரிய கிராணி அதை என் மேசைக்கே கொண்டுவந்தார். “பட்டியல்ல இல்லாத பேரு. இது மேல போனா, நாக்காலிய பட்டணத்துக்குக் கொண்டாந்து பரிசோதன பண்ணுன்னு துரை எழுதிருவாரு. எதுக்கு வம்பு? அஞ்சுல ஒரு பேரப் போட்டு முடி.” எனக்கு அந்த நாற்காலி மறுபடி வண்டியேறுவது கண்ணில் தெரிந்தது. ஒரு பெயரைப் போட்டேன். அந்தப் பெயருக்குரிய தச்சுக்கடைக்காரர் யோசிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார். நல்ல காரியத்துக்காகத்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்ள வேண்டியிருந்ததே, அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்து இன்னொரு கடிதம் வந்தது. அதே வட்டாரத்தில் வேறொரு தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது. எங்கள் வண்டி கொண்டுபோன ஆறு பெஞ்சுகளில் நான்கு உடைந்துவிட்டன, பிள்ளைகள் ஈர மண்ணில் உட்காருகிறார்கள். மரைக்காயரைப் பட்டியலில் சேர்க்க இதுதான் சமயம் என்று பெரிய கிராணியிடம் போனேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அந்தப் பக்கத்துக்குத்தான் நம்ம ஆள் போறானே! நீதானே எழுதியிருக்க?” ஆணியில் தொங்கிய பட்டியலில், நான் அறிக்கையில் போட்ட அந்தப் பெயருக்கு எதிரே, யாரோ அழகான கையெழுத்தில் ‘தெம்பனிஸ் உட்பட’ என்று சேர்த்திருந்தார்கள். அந்தக் கடைக்காரர் போகவில்லை, என்றைக்குமே போகமாட்டார். நான் வாத்தியாருக்குப் பொறுத்தருளச் சொல்லி எழுதினேன். பிறகு மறுபடியும் எழுதினேன். ஆளில்லாத இடமாக இருந்ததை, ஆளிருக்கும் இடமென்று நானே எழுதி அடைத்துவைத்திருந்தேன்.

மூன்றாவது கடிதத்தை எழுத என்னால் முடியவில்லை. துரையின் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தப் பழுதுபார்த்த கால் இன்னும் தாங்குகிறதா? தாங்குகிறது என்றேன். “நீ ஏற்கெனவே ஒருமுறை பொய் எழுதியவன்” என்றார். நியாயமான பேச்சு, நான் தலையைக் குனிந்துகொண்டேன். டிரஸ்ஸருக்கு ஒரு சாட்சிக் கடிதம் கேட்டு எழுதினேன்.

கடிதம் வரவில்லை. பத்து நாள் கழித்து, ஒரு கூலி வண்டியில் நாற்காலியோடு அவரே வந்து இறங்கினார். தலையை மழித்திருந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “முந்தின வாரம்” என்றார். “அதுலயே, சாஞ்சபடியேதான். கஷ்டப்படல.” நாற்காலியைத் துரை அறைக்குள் தூக்கிக்கொண்டு போனார்.

துரை கனத்த மனிதர். கயிறு சுற்றிய காலைக் குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்து, பயந்து பயந்து பின்னால் சாய்ந்தார். டிரஸ்ஸர் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி, “இன்னும் சாயலாம்ங்க. தாங்கும்” என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துரைக்கு எப்படியோ புரிந்திருந்தது. முழுவதும் சாய்ந்தார்.

மரைக்காயரின் பெயர் ஆறாவதாகப் பட்டியலில் ஏறியது. என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள்; வண்டிகள் வரும் போகும் நேரத்தைக் குறிப்பது புது வேலை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. களைப்புத்தான் இருந்தது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, மோட்டார் லாரிகள் தெம்பனிஸ் சாலையில் ஓடுவதைப் பார்க்கும் இந்த நாளிலும் அது முழுக்கப் போய்விடவில்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு வண்டிக்காரர், வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெஞ்சுக்கெல்லாம் கயிறு சுற்றியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து, என் பழைய மேசைக்கு வந்திருந்த இளைய கிராணி கிடங்குக்குத் தேடி வந்தார். கையில் கடிதக் கட்டு.

“அண்ணே, தெம்பனிஸ்ல அஞ்சு, சாங்கி பக்கம் நாலு. மரைக்காயர் ஒருத்தரே எத்தன எடத்துக்குப் போவாரு? சாங்கிக்கு வேற யாராச்சும் தெரியுமா?”

தெரியாது என்றேன். “அப்ப என்னண்ணே எழுதறது? தேடிக்கிட்டிருக்கோம்னு எழுதட்டுமா?”

அது என் வேலை இல்லை. கால் வலித்தது, ஞாயிற்றுக்கிழமையை நான் தூங்குவதற்கென்றே வைத்திருந்தேன்.

“எழுதுங்க” என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாங்கிக்குப் போகும் வண்டி பார்த்து ஏறினேன்.