தங்கையன் கடையில் அப்பா பேசியது

இன்று காலை பாறசாலைக் கடைத்தெருவில், சலூன் வாசலில் கணவருக்காகக் காத்திருந்தேன். வீட்டிலேயே சவரம் செய்துகொள்பவர். அவருக்குக் கை எலும்பு முறிந்ததால் வந்தோம். உள்ளிருந்து வந்த சவரச் சோப்பு வாசனை என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப் போனது.

துபாயிலிருந்து அப்பா முதல் விடுப்பில் வந்திருந்தார். வீட்டில் எதைக் கேட்டாலும் "உண்டு", "இல்ல" என்று இரண்டே பதில்கள்தான். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு தங்கையனின் சவரக்கடைக்குப் போனார். தங்கையன் கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போதெல்லாம், நுரை மூடிய முகத்தோடு அப்பா பேசினார்.

"அங்க ஒரு முறியில பதினாலு பேரு கெடந்து ஒறங்குதோமாக்கும். பட்டயம் கெடச்ச பத்து சென்டு மண்ணுல ஒரு வீடு வச்சா, பின்ன போகமாட்டேன்."

"வீட்ல சொன்னியளா அண்ணே?"

"வீட்ல அத எப்பிடிடே சொல்லுது?"

தங்கையனின் விரல்கள் அப்பாவின் தாடையைப் பிடித்திருந்தன. எங்களுக்குக் கிடைக்காத பேச்செல்லாம் அவருக்குக் கிடைத்தது. அந்த விரல்களை நான் வெறுத்தேன்.

நான்கு நாள் கழித்து, கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து எடுத்துக்கொண்டு, "அப்பா, நான் தேச்சுத் தாறேன்" என்றேன். அவர் கண்ணை மூடி உட்கார்ந்தார். இரு கன்னங்களிலும் நுரை பூசிவிட்டு, அவர் பேசுவதற்காகக் காத்திருந்தேன்.

"நல்லா படிக்கியா மக்கா?" என்று கேட்டார். பிறகு முகத்தைத் தோர்த்தால் துடைத்துக்கொண்டு, தங்கையன் கடைக்கு நடந்தார்.

இன்று உள்ளே கணவர் சவரம் செய்பவரிடம் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. உள்ளே போய் அவர்களுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பேச்சு நின்றுவிட்டது.