அணைய மறுத்த எஞ்சின்

தெருவில் அவரை ஷாக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்கு ஒயரிங் பார்ப்பவர். வாயைத் திறந்தால் ஊரையே விற்றுவிடுவார். தங்கையிடம் மட்டும் பெட்டிப் பாம்பு. அவளோ, பழைய கார் ஒன்றின் சீட்டுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவள். அம்மாவுக்கு இது வயிற்றில் நெருப்பு. "நான் பாத்துக்கறேன்மா" என்று அண்ணன் வாக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டில் சண்டை ஓய்ந்தது.

முன்பக்கம் கனமாக இருப்பதால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். சரியென்று பானெட்டுக்குள் இருந்த பேட்டரியைக் கழற்றி, காருக்குள்ளேயே, அவள் சீட்டுக்குச் சற்றுப் பின்னால், மூடிய பெட்டியில் வைத்துத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார். விபத்து நடந்தால் வெளியிலிருந்தே எல்லாவற்றையும் அணைக்க ஒரு சுவிட்சும் வைத்தார். சுவிட்சைத் திருப்பிப் பார்த்தார். விளக்கு, ஹாரன் எல்லாம் அடங்கின. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

பந்தய நாளில் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற காரின் எஞ்சினை ஓடவிட்டு, ஆய்வாளர் சுவிட்சைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. ஷாக் அண்ணனுக்கு அப்போதுதான் தன் தவறு உறைத்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைத் துண்டிக்கவே கூடாது, கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் புகைந்துவிடும் என்பது அவர் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தில், எஞ்சினை ஓடவிடாமலே சோதித்திருந்தார்.

"வண்டிய வரிசையிலேர்ந்து வெளிய எடு."

"அண்ணா, விளையாடுறியா? அடுத்தது நாம!"

"எடுன்னு சொல்றேன்ல!"

அவர் இப்படி அதட்டி அவள் பார்த்ததில்லை. எடுத்துவிட்டாள். ஆல்டர்னேட்டர் போனால் போகட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுச் சுவிட்சைத் திருப்பினார். எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடியது. பேட்டரி இல்லாவிட்டாலும் ஆல்டர்னேட்டர் தரும் கரண்டே அதற்குப் போதுமாக இருந்தது. கவிழ்ந்து கிடக்கும் காரில் இவள் மாட்டிக்கொண்டு, பெட்ரோலும் கசிந்து, எஞ்சினும் இப்படி ஓடிக்கொண்டே இருந்தால்? அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தெம்பில்லை.

"நானே உன்னக் கொல்லப் பாத்தேனே!" கண் கலங்கிவிட்டது.

"அழுதா ஒயர் தானா மாட்டிக்குமா? வேலையப் பாரு."

சுவிட்சின் பின்னால் சும்மா விட்டிருந்த இரண்டு சின்ன முனைகளின் வழியாக இக்னிஷன் ஒயரைக் கொண்டுபோனார். இனிமேல் சுவிட்சைத் திருப்பினால் எஞ்சினுக்கும் கரண்ட் போகாது. அவசரத்தில் ஸ்குரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. தங்கைதான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள்.

கடைசி வண்டியாகப் போய் நின்றார்கள். ஆய்வாளர் சுவிட்சைத் திருப்பினார். எஞ்சின் பட்டென்று நின்றது. அப்பாடா என்று ஷாக் அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றார் ஆய்வாளர்.

"நல்லாத்தான் இருக்கேன் சார். இன்னொரு தடவ ஓடவிட்டு அணைச்சுக் காட்டுங்களேன்."